வளைந்த வெள்ளைக் கோடு

வெடி காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான்.

"என்ன தெரியுது?" என்று வெளியிலிருந்து கேட்டார் சர்வேயரம்மா.

"எலி குடித்தனம் நடத்தியிருக்கும்மா. வரவேற்பறை, படுக்கையறை எல்லாம் தனித்தனியா இருக்கு. நம்ம ஆபீஸைவிட விசாலம்."

யாரும் சிரிக்கவில்லை. சர்வேயரம்மா சிரிக்காதது வெடிக்குப் பழக்கம்தான். அவர் முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைப் பார்த்தவர். மனிதர்கள் சொன்ன பொய்களைவிட பம்பர்கள் சொன்ன பொய்களை அதிகம் கேட்டவர். அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பிய பிறகும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. வெடி அவருக்கு டிரைவர், எடுபிடி, வாய். ஊர்க்கதையெல்லாம் வெடியாக விடுவான் என்பதால் அவனுக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் ஷெட் வாசலில் நின்ற மருந்துக்கடை அக்காவும் சிரிக்கவில்லையே என்பதுதான் அவனுக்கு உறுத்தியது. சிரிப்பு வரவில்லை என்றால் பரவாயில்லை, எரிச்சலாவது வர வேண்டாமா? அவள் முகத்தில் இரண்டுமே இல்லை. காலாவதியான மருந்தைத் தனியே எடுத்து வைப்பதுபோல எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நின்றாள்.

கார் அவளுடைய அண்ணனுடையது. இருபது வருஷமாக அந்த ஷெட்டில் நிற்கிறது.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "ஒன்பதாம் மாசம். பிரஷர் ஏறிப்போச்சு. அதுக்கு முன்னால ரெண்டு தடவை தங்கலை. அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போவான். அம்மா அப்பா இல்லாம என்னைத் தூக்கி வளர்த்தவன். அன்னிக்கு மட்டும் வரலை. கேட்டா, காலையிலேயே ரயில் ஏறிட்டான்னாங்க. அதுக்கப்புறம் ஒரு தகவல் கிடையாது. எங்க போனான்னு எனக்கு வேண்டாம். உயிரோட இருந்தா இருக்கட்டும். பத்து நிமிஷத் தூரத்துல நான் கிடக்கும்போது, என்னை எட்டிக்கூடப் பார்க்காம ஏன் போனான்? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

ஒரு கண்ணீர் கிடையாது. உணவுக்கு முன்னா, பின்னா என்று சொல்லும் அதே குரல்.

வெடி ஊர்ந்து வெளியே வந்தான். "அம்மா, ஒண்ணு இருக்கு. டிரைவர் பக்கம் மட்டும். ரெண்டு சக்கரத்து மேலயும், கதவுக்கு அடியிலயும் வெள்ளைப் புள்ளி. தெளிச்சுவிட்ட மாதிரி."

சர்வேயரம்மா முழங்காலில் கைவைத்துக் குனிந்தார். டார்ச்சை அடித்தார். தூசிக்குள் வெள்ளைப் புள்ளிகள் சர்க்கரை தூவியதுபோல மின்னின.

"சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் மின்னுமா?"

"எங்க வீட்டுச் சுவர் உதிரத்தான் உதிரும்."

"இதுல கண்ணாடி மணி கலந்திருக்கு. வண்டி வெளிச்சம் பட்டாப் பளிச்சுன்னு தெரியணும்னு போடறது. ரோட்டுக்குக் கோடு போடற பெயிண்ட்." அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "உங்கண்ணன் காரை எப்பக் கழுவுவார்?"

"தினமும். பெட்ரோல் பங்க் வச்சிருந்தவன் இல்லையா? காக்கா எச்சம் விழுந்தாக்கூட துணியைப் பெட்ரோல்ல நனைச்சு அப்பவே துடைச்சுடுவான்."

"அப்போ, அவரால துடைக்க முடியாத ஒரு நாள்ல இது விழுந்திருக்கு."

அந்த நேரத்தில் அக்காவின் கணவர் டீ தட்டோடு வந்தார். அமைதியான மனிதர். கடையில் மருந்து அடுக்குவதும் அவர்தான், வீட்டில் துணி மடிப்பதும் அவர்தான். ஆளுக்கொரு டம்ளர் நீட்டினார். 

"சார், அன்னிக்கு கார் எங்க இருந்தது?" என்றார் சர்வேயரம்மா.

"ஸ்டேஷன்ல. நானே ரயில் ஏத்திவிட்டேன். காலை வண்டி. ஜன்னலோர சீட். கையாட்டினார். காரை நான் அப்புறமா வீட்டுக்குக் கொண்டாந்தேன்."

வெடி டீயை உறிஞ்சினான். முதல் நாளும் இதையேதான் சொன்னார். காலை வண்டி, ஜன்னலோர சீட், கையாட்டினார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஸ்டேஷனில் ஒலிபெருக்கி அறிவிக்கும் ரயில்கூடச் சில நாள் தாமதமாக வரும், இவருடைய ரயில் ஒரு நாளும் தவறுவதில்லை. இதை அங்கேயே சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்தான். அக்காவைப் பார்த்ததும் டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

காரில் ஏறியதும் சர்வேயரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"குட்டை ரோடு."

அந்த ரோட்டுக்குச் சுற்றுவட்டாரத்தில் அதுதான் பெயர். அரசாங்கக் கணக்கில் அது ஒரு மாநில நெடுஞ்சாலை. தனக்கென்று ஓர் எண், அந்த எண்ணைத் தாங்கிய பலகை, மைல் கற்கள் என்று சகல மரியாதையோடும் இருந்தது. நீளம்தான் இல்லை. ஏறி உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினால் முடிப்பதற்குள் ரோடு முடிந்துவிடும். ஒரு முனையில் ஆஸ்பத்திரி இருக்கும் சிற்றூர். மறு முனையில் பெரிய சாலையின் கூட்டு ரோடு. அங்கிருந்து திரும்பி ஒரு மணி நேரம் போனால் ரயில் நிற்கும் பெரிய ஊர். நடுவில் ஒரு ஆலை இருந்தது. ஆலையின் லாரிகளுக்காகப் போட்ட ரோடுதான். யாரோ ஒரு மந்திரி வந்து திறந்து வைத்த உற்சாகத்தில் நெடுஞ்சாலைப் பட்டத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

லாரி ஓடியவரை ரோட்டுக்கும் வாழ்வு. டயர்க்கடை, டீக்கடை, நடுவில் அக்காவின் அண்ணன் வைத்திருந்த பெட்ரோல் பங்க். பிறகு ஆலை மூடியது. புறவழிச்சாலை வந்தது. ஒரு நாள் நெடுஞ்சாலைத் துறை அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, ரோட்டை உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் கட்டியது. பங்க்காரர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பங்க் மூடப்பட்டது. நெடுஞ்சாலையாக அந்த ரோடு கழித்த கடைசி நாளும், பங்க்காரர் காணாமல் போன நாளும் ஒன்றுதான்.

இப்போது அந்த ஆலை நிலத்தில் சூரிய மின்தகடு நடப்போகிறார்கள். ரோட்டையே பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழியில் கோட்டு மேஸ்திரியை ஏற்றிக்கொண்டார்கள். சாலைகளுக்குக் கோடு போடும் குழுவை நடத்தியவர், ஓய்வு பெற்றுச் சும்மா இருப்பவர். போனில் கேட்டதும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். ஏறியதிலிருந்து பேச்சு நிற்கவில்லை. வெடிக்கே பொறாமையாக இருந்தது.

"கடைசியா இதுக்குக் கோடு போட்டது நாங்கதாம்மா. வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது வெள்ளையடிச்சுக் குடுக்கறோம் இல்ல? அந்த மாதிரி துறையில ஒரு வழக்கம். ரோட்டை அடுத்தவங்க கையில குடுக்கும்போது குழி மூடி, கோடு போட்டுப் பளிச்சுன்னு குடுக்கணும். மறுநாளைக்கு அதுல ஓட ஒரு வண்டி இல்லேன்னாலும் கோடு இருக்கணும். காலையில கூட்டு ரோட்டுல ஆரம்பிச்சோம். ஒரே நாள்ல முடிச்சோம்."

"அதுக்கு முன்னால எப்பப் போட்டீங்க?"

"ரொம்ப வருஷம் இருக்கும். லாரி ஓடி ஓடிக் கோடே அழிஞ்சு கிடந்தது. நாங்க போட்டப்புறம் இந்தா, இன்னும் இருக்கு பாருங்க. அழிக்கறதுக்கு வண்டி வந்தாத்தானே?"

உண்மைதான். ரோடு வெடித்துப் புல் முளைத்திருந்தாலும், ஓரத்து வெள்ளைக் கோடு மங்கலாக ஓடிக்கொண்டே இருந்தது. தூரத்தில் கூட்டு ரோட்டுப் பக்கம் ஜேசிபி தாரைப் பெயர்க்கும் சத்தம் கேட்டது.

சர்வேயரம்மா காரை நிறுத்தச் சொன்னார். "மேஸ்திரி, கோடு போடற இடத்துல வண்டி ஏதாவது நின்னா என்ன செய்வீங்க?"

மேஸ்திரி வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "ஆள் இருந்தா எடுக்கச் சொல்லுவோம். இல்லேன்னா..."

"விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"அய்யய்யோ! நடுவுல கோடு அறுந்தா அதிகாரி அன்னிக்கு வேலையே செல்லாதும்பார். வளைச்சுட்டுப் போயிடுவோம். ஜீப்புல போறவருக்கு அறுந்தது தெரியும், வளைஞ்சது தெரியாது. அப்புறமா ஒரு நாள் வந்து நேர் பண்ணிடுவோம்."

"இங்கே வந்து நேர் பண்ணீங்களா?"

"எப்படிப் பண்றது? மறுநாள்தான் ரோடே எங்களுது இல்லையே!"

வெடிக்கு விஷயம் உறைத்தது. சொல்லாமலே இறங்கி நடந்தான். ஆஸ்பத்திரி ஊருக்குப் போகும் பக்கத்து ஓரத்தில், புல்லைக் காலால் விலக்கிக்கொண்டே போனான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜேசிபி நெருங்கிக்கொண்டே இருந்தது. பாழடைந்த பங்க்குக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே கோடு திடீரென்று மனம் மாறியது. ஓரத்தை விட்டு ரோட்டுக்குள் நெளிந்து, சற்று நேராக ஓடி, மறுபடி ஓரத்துக்கே திரும்பியது. உள்ளே ஒன்றும் இல்லை. புல்லும் வெடித்த தாரும்தான்.

"அம்மா! கோடு கர்ப்பமா இருக்கு!" என்று கத்தினான். கத்திய பிறகு ஏன் அப்படிச் சொன்னோம் என்று கூச்சமாக இருந்தது.

அதற்குள் ஜேசிபிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஓரமாப் போங்க சார், இடிக்கணும்."

"அண்ணே, சாப்பிட்டாச்சா?"

"இல்லை."

"அப்போ சாப்பிட்டுட்டு வாங்க. ரோடு எங்கயும் ஓடிடாது. ஓடற ரோடா இருந்தா நீங்க ஏன் இடிக்கப் போறீங்க?"

ஜேசிபிக்காரர் சிரித்தார். அன்று காலையிலிருந்து வெடிக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. இயந்திரம் அணைந்தது.

மேஸ்திரி வளைவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, இதுவா! இது நம்ம பங்க்காரர் கார்! மறப்பேனா? மத்தியான வெயில்ல உள்ளேயே தூங்கிட்டிருந்தார். நல்ல மனுஷன்மா. நாங்க இந்தப் பக்கம் எப்ப வேலை பார்த்தாலும் கேன் கேனாத் தண்ணி நிரப்பிக் குடுப்பார். பங்க்கையும் மூடியாச்சு, எத்தனை ராத்திரி தூக்கம் போச்சோ, தூங்கட்டும்னு விட்டேன். எங்க ஆள் ஒருத்தன் கண்ணாடியைத் தட்டப் போனான். போட்டேன் ஒரு அதட்டு! சத்தமில்லாம வளைச்சுக் கோடு போட்டுட்டுப் போயிட்டோம்."

பெருமையாகச் சொன்னார். வாழ்க்கையில் செய்த சின்ன உபகாரங்களில் ஒன்று நினைவுக்கு வந்த சந்தோஷம்.

சர்வேயரம்மாவின் முகம் மாறவில்லை. 

"எப்படித் தூங்கிட்டிருந்தார்?"

"கதவுல சாஞ்சு. வாய் லேசாத் திறந்து. முகத்துலயே வெயில் அடிக்குது, மனுஷன் அசையவே இல்லை. மிஷின் சத்தம் காதைப் பிளக்குது, அதுக்கும் அசையலை. அவ்வளவு அசதி." பிறகு சிரித்தார். "எழுந்து பார்த்துட்டு நல்லாத் திட்டியிருப்பார், இல்ல? கார்ல பெயிண்ட் பட்டிருக்குமே."

  கண்ணாடியைத் தட்டியிருந்தால் என்று தொடங்கிய யோசனையை வெடி முடிக்கவில்லை.

"கார் பத்திரமா இருக்கு மேஸ்திரி" என்றார் சர்வேயரம்மா. "அவங்க வீட்டு ஷெட்லயே நிக்குது."

"அப்பாடா" என்றார் மேஸ்திரி.

சர்வேயரம்மா வெடியைப் பார்த்தார். அவன் தங்கள் காரைக் கொண்டுவந்து அந்த வளைவுக்குள் நிறுத்தினான். அளவெடுத்துத் தைத்ததுபோல நின்றது. டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே, ஒரு கை அகலத்தில் வெள்ளைக் கோடு.

"நீ எந்தப் பக்கம் பார்த்து நிக்கற?"

"ஆஸ்பத்திரி ஊரைப் பார்த்து."

"திருப்பி நிறுத்தினா?"

வெடி யோசித்தான். "டிரைவர் பக்கம் புல்லுப் பக்கமாப் போயிடும். பெயிண்ட் அந்தப் பக்கக் கதவுல பட்டிருக்கும். ஆனா ஷெட்ல இருக்கற கார்ல டிரைவர் பக்கம்தான் புள்ளி." அவன் நிறுத்தினான். "அப்போ அவர் ரயிலுக்குப் போகலை. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டு இருந்தார். காலையில ரயில்ல போன மனுஷன், மத்தியானம் இங்க..."

"ஏறு. போகலாம்."

மேஸ்திரியை வீட்டில் இறக்கிவிட்டதும் வெடியின் வாய் திறந்துகொண்டது.

"புருஷன்காரர்தாம்மா. சந்தேகமே இல்லை. டீயிலயோ காபியிலயோ எதையோ கலந்திருக்கார். மருந்துக்கடை கையில இருக்கு. மனுஷன் பாதி வழியில மயங்கி விழுந்துட்டார். சாயங்காலம் வந்து பொணத்தை எங்கயோ புதைச்சுட்டு, காரைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல நிறுத்திட்டார். கையாட்டினாராமே! பார்க்கத்தான் பூனை மாதிரி. எனக்கு அந்த டீயைக் குடிச்சதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது."

"எதுக்காகக் கொல்லணும்?"

"அதை அவர்கிட்டயே கேட்டுக்கலாம். எல்லாத்தையும் நானே சொன்னா உங்களுக்கு என்ன வேலை?"

சர்வேயரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தப்பான பதிலுக்கு 'இல்லை' என்று உடனே சொல்லிவிடுவார். சொல்லாததால் தான் கெட்டிக்காரனாகிவிட்டதாக வெடி நினைத்துக்கொண்டான். ஆனாலும் பெருமை வரவில்லை. உள்ளே மரத்துப் போயிருந்தது. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் யார் கன்னத்தையோ கிள்ளுவதுபோல இருக்குமே, அப்படி.

மருந்துக்கடையில் கூட்டம் இல்லை. அக்கா ஒரு பெரியவருக்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் ஏணியில் நின்று மேல்தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் போகும்வரை சர்வேயரம்மா காத்திருந்தார்.

"உங்கண்ணன் அன்னிக்கு மத்தியானம் குட்டை ரோட்டுல, கார்ல உக்காந்திருந்தார்" என்றார். "கோடு போட்டவங்க பார்த்திருக்காங்க. காரைச் சுத்திக் கோடு போட்டிருக்காங்க, அந்தப் பெயிண்ட்தான் கார்ல இருக்கு. கார் இந்த ஊரைப் பார்த்து நின்னிருக்கு."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "காலையில ரயில்ல போனவன்..."

"போகலை."

இருவரும் ஏணியைப் பார்த்தார்கள். வெடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கணவர் ஓடப்போகிறார் என்று எதிர்பார்த்தான். கணவர் கையிலிருந்த பெட்டியை அதன் இடத்தில் சரியாக வைத்தார். ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றார். "சாயங்காலம். நீ 'அண்ணன் எங்க, அண்ணன் எங்க'ன்னு கேட்டுட்டே இருந்தே. கூட்டிட்டு வரலாம்னு போனேன். ரோட்டுல கார் நின்னுது. தொட்டேன். ஜில்லுனு இருந்தார்."

அக்கா அசையவில்லை.

"இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தா உனக்குத் தெரிஞ்சுடும். பக்கத்து சீட்ல தள்ளி உக்கார வச்சு, பெரிய ஊருக்கு ஓட்டிட்டுப் போனேன். மாரடைப்பு, மத்தியானமே முடிஞ்சிருக்கும்னாங்க. மறுநாள் அங்கேயே அடக்கம் பண்ணினேன். எல்லாம் முறைப்படிதான். நானும், பிணவறை ஆளுங்க ரெண்டு பேரும். காரை ஸ்டேஷன்ல விட்டுட்டு பஸ்ல வந்தேன்."

"எதுக்கு?" என்று கேட்டது வெடி. அவனால் பொறுக்க முடியவில்லை. "எதுக்கு சார் சொல்லலை?"

"டாக்டர் சொல்லியிருந்தார். அதிர்ச்சி எதுவும் கூடாது, ரெண்டு உயிரும் போயிடும்னு. துக்கம்னா தாங்க மாட்டா. கோபம்னா தாங்கிடுவா. அதான் ரயில் ஏறிட்டார்னு சொன்னேன். குழந்தை பிறந்ததும் சொல்லிடலாம்னு நினைச்சேன். பிறந்தது. பால் நின்னுடுமோன்னு பயந்தேன். தவழட்டும், நடக்கட்டும்னு தள்ளிட்டே போனேன். அப்புறம் ஒரு நாள் நீயே அவர் போட்டோவையெல்லாம் எடுத்து அடுப்புல போட்டே. அதுக்கப்புறம் எந்த முகத்தை வச்சுட்டு வந்து சொல்றது?"

கொலை இல்லை. விஷம் இல்லை. போலீஸுக்குச் சொல்ல ஒரு குற்றம்கூட இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது வெடிக்கே அசிங்கமாக இருந்தது, நகர்ந்துகொண்டான். இந்த மனிதரைத் திட்டலாம் என்றால் அதற்கும் நா எழவில்லை. 'கார் பத்திரமா இருக்கு மேஸ்திரி' என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தாங்கள் சாவை மறைத்துவிட்டு வந்ததும் இதே காரியம்தான். சர்வேயரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். தரையைப் பார்த்து நின்றார்.

"ஏங்க" என்றாள் அக்கா.

கணவர் நிமிர்ந்தார்.

"அவன் என்னைப் பார்க்கத்தான் வந்தானா?"

"ஆமாம். தினமும் சாயங்காலம் வருவார். அன்னிக்குப் பங்க் சாவியை ஒப்படைச்சுட்டு, இனிமே வேலை இல்லைன்னு மத்தியானமே கிளம்பியிருக்கார்."

அவள் தலையாட்டினாள். ஒரு முறை. பிறகு நிறுத்த மறந்தவள்போல ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"இருபது வருஷமா அவனைத் திட்டிட்டே எழுந்திருக்கேன். திட்டிட்டே தூங்கியிருக்கேன்" என்றாள். "இனிமே யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டு."

"உங்களை எப்படிங்க திட்டறது? நீங்கதானே கூடவே இருந்தீங்க." குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "எனக்கு அழுகைகூட வரலை பாருங்க."

கணவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அழுதது அவர்தான்.

அக்கா கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்தாள். எதையாவது செய்ய வேண்டும் என்று கைகள் தாமாகவே செய்வதுபோல இருந்தது. வெளியூரில் கல்லூரியில் படிக்கும் மகனைக் கூப்பிட்டாள். அன்று பிறக்கவிருந்த குழந்தை. எடுத்தவுடன் அவன் என்னம்மா, கிளாஸ்ல இருக்கேன் என்றது கடை முழுக்கக் கேட்டது.

"ஒண்ணுமில்லடா. ஒரு விஷயம் சொல்லணும். ஒரு நிமிஷம் வெளிய வா." காத்திருந்தாள். "மாமா ஓடிப் போகலைடா. அம்மாவைப் பார்க்கத்தான் வந்துட்டிருந்தார். வழியிலேயே இறந்துட்டார். நாளைக்கு நாங்க அவரை அடக்கம் பண்ணின இடத்துக்குப் போறோம். நீயும் வந்துடு."



"எந்த மாமாம்மா?"

அக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"என் அண்ணன்டா" என்றாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."

"நீ சொன்னதே இல்லையேம்மா. பேர் என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்தது, மீதி வரவில்லை. இருபது வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். மறுபடி முயன்றாள். இந்தத் தடவை முழுசாக வந்தது, பெயரோடு சேர்ந்து அழுகையும் வந்தது. அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அந்தப் பெயரையே சொன்னாள், போனில் மகன் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தான்.

வெடி வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். மருந்துச் சீட்டோடு வந்த ஒருவரிடம், இன்னிக்கு இங்க கிடையாது, அடுத்த தெருக் கடையில பாருங்க என்று சொல்லி அனுப்பினான்.